மன்னிப்பை எதிர்த்து ஒரு மேல்முறையீடு

களைத்துப்போன மனிதன் என்ன செய்வான்? போய்ப் படுப்பான். உலகம் தோன்றிய நாளிலிருந்து இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இந்த ஒழுங்கீனத்தைச் சகிக்க முடியாமல்தான் விழுப்புரத்தில் இருக்கும் வட்டாரத் தொழில்முறைக் கால்பந்து வீரர் நல வாரியம் தனியாக ஓர் ஓய்வுப் பிரிவைத் தொடங்கியது. ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் நடுவே ஆட்டக்காரர்கள் எத்தனை நாள் ஓய்வெடுக்கலாம், எப்படி எடுக்கலாம், எடுத்ததை எப்படி நிரூபிக்கலாம் என்று நூற்றுப் பதினெட்டுப் பக்கத்துக்கு விதிப்புத்தகம் போட்டது. அதை எழுதி முடித்த குழு களைத்துப்போய்ப் பத்து நாள் ஊட்டிக்குப் போய்வந்தது. அவர்கள் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லையே.

அந்தோணி பிரபு ஆட்டக்காரன். ஒலக்கூருக்குப் பக்கத்து ஊர், வயது இருபத்தேழு. விழுப்புரத்துச் சின்ன கிளப் ஒன்றுக்கு இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். முப்பது ஆட்டம் ஆடி முடித்த சீசனில் கடைசி எட்டு ஆட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருந்தான். இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி. ஏப்ரல் இருபதாம் தேதி திண்டிவனத்தில் எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“எலும்புல மயிரிழை மாதிரி கீறல் உழுந்திருக்கு. நாப்பத்திரண்டு நாள் ரெஸ்ட். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பந்தைக் காலால தொடவே கூடாது. மீறினா எலும்பு ரெண்டா போயிடும். அப்புறம் நடக்கலாம். ஆட முடியாது.”

ஜூன் பதினாறாம் தேதி சென்னையில் ஒரு பெரிய கிளப்பின் மருத்துவச் சோதனை அவனுக்குக் காத்திருந்தது. தேறினால் இரண்டு வருட ஒப்பந்தம். இருபத்தேழு வயதுத் தடுப்பாட்டக்காரனைத் தேடி இப்படி ஒரு அழைப்பு இரண்டாவது முறை வராது என்பது அவனுக்கும் தெரியும், அவன் மனைவி வெனிலாவுக்கும் தெரியும்.

வெனிலா திண்டிவனத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள். ஆறு வருடமாக ஊராரின் மனுக்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பவளுக்குத் தேதி என்றால் தேதிதான். காலண்டரில் ஜூன் பதினாறிலிருந்து பின்னோக்கி விரலால் எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“மே அஞ்சாந் தேதி நீங்க படுத்தே ஆவணும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் கணக்கு ஒதைக்கும்.”

“அதுக்குப் பதினஞ்சு நாள் கெடக்குது. நான் நாளைக்கே படுத்துடறேன்” என்றான் பிரபு. அப்பாவி.

வாரியத்தின் ஓய்வு நிறைவுச் சான்று இல்லாமல் எந்த ஆட்டக்காரனும் கிளப் மாற முடியாது என்பது விதி. ஆகவே மறுநாள் அவன் படுக்கவில்லை. விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினான்.

வாரிய அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்டுக்கு மட்டும் ஓய்வு கிடைத்திருந்தது. ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து ஏறிப் போனான். செயலர் தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். விதிப்புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு, எச்சில் தொடாமல் பக்கம் திருப்புபவர்.

“ஓய்வு எதுக்கு வேணும்?” என்று கேட்டார்.

“கால்ல கீறல் சார். டாக்டரு சீட்டு குடுத்துருக்காரு.”

“கீறல்னா அது மருத்துவ விடுப்பு. அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கலை. ஓய்வுன்னா களைப்பு இருக்கணும். களைப்புச் சான்று வச்சிருக்கீங்களா?”

“அதை எங்க சார் வாங்கறது?”

“மைதானத்துல. எட்டு ரவுண்டு ஓடுங்க. எங்க அலுவலர் பார்த்து, களைச்சிட்டீங்கன்னு எழுதிக் குடுப்பார்.”

“ஓடக் கூடாதுன்னுதான் சார் டாக்டரு சொல்றாரு.”

“ஓடாம எப்படிங்க களைப்பீங்க?” என்றார் தட்சிணாமூர்த்தி. அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

களைப்பு அலுவலருக்கு மூன்று நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அவர் பெயர் சின்னதுரை. கழுத்தில் விசில், கையில் செல்போன், இரண்டையும் மாற்றி மாற்றி வாயருகே கொண்டுபோவார். பிரபு புல் இருந்த ஓரமாக, உடம்புப் பாரம் முழுவதையும் வலது காலில் போட்டு நொண்டி ஓடினான். இரண்டாவது சுற்றில் எலும்புக்குள் ஊசி இறங்கியது. மூன்றாவது சுற்றில், இதற்குமேல் ஓடினால் தொலைந்தோம் என்று மூச்சு வாங்குவதுபோல் நடித்துக் குப்புற விழுந்தான். சின்னதுரை வந்து குனிந்து பார்த்து, ‘களைப்பு: திருப்திகரம்’ என்று எழுதினார். அவன் முகத்தில் ஓடியது வியர்வைதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஓய்வு நிர்ணயக் குழு கூடியது ஏப்ரல் இருபத்தெட்டில். மே ஐந்துக்கு ஏழு நாள் இருந்தது. தலைவர் தேவநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் கேரம்போர்டு மட்டுமே ஆடியவர். அதிலும் சிவப்புக் காயைப் போட்டதில்லை என்று அவருக்கு ஆகாதவர்கள் சொல்வார்கள். கையில் ஒரு கால்குலேட்டர்.

“முப்பது ஆட்டம். ஆட்டத்துக்குத் தொண்ணூறு நிமிஷம். மொத்தம் நாற்பத்தஞ்சு மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைன்னு போட்டா ஆறு நாள்கூட வரலை. வருஷத்துல ஆறு நாள் வேலை பார்த்துட்டு நாற்பத்திரண்டு நாள் ஓய்வு! இந்த நாடு எப்படி உருப்படும்?”

“இடைவேளையை விட்டுட்டீங்களே தலைவரே” என்றார் ஓர் உறுப்பினர். “ஆட்டத்துக்குப் பதினஞ்சு நிமிஷம் உக்காந்து எலுமிச்சம்பழச் சாறு குடிக்கிறாங்க. முப்பது ஆட்டத்துக்கு ஏழரை மணி நேரம். அது ஏற்கெனவே எடுத்த ஓய்வு. கழிச்சாகணும்.”

“பந்து வெளிய போனா அது வர்ற வரைக்கும் சும்மாதான நிக்கறாங்க?” என்றார் இன்னொருவர். “அதையும் கழிக்கணும். கீழ விழுந்து காலைப் பிடிச்சிக்கினு உருளுறாங்க பாருங்க, அது படுக்கை ஓய்வு. அதுக்கு ரெண்டு மடங்கு.”

பிரபு நின்றுகொண்டிருந்தான். விண்ணப்பதாரருக்கு நாற்காலி போட்டால் அது ஓய்வாகக் கருதப்படும் என்று ஒரு விதி இருந்தது. அவன் எடையை வலது காலுக்கு மாற்றியபோதெல்லாம் சின்னதுரை எதையோ குறித்துக்கொண்டார்.

தேவநாதன் கண்ணாடியைக் கழற்றினார். பேசப் போகிறார் என்று அர்த்தம்.

“தம்பி, என்னைப் பார். முப்பத்தாறு வருஷம் அலுவலகத்துல குப்பை கொட்டியிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஓய்வுன்னு கேட்டிருப்பேனா? தேவைப்படலை. மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே முடிச்சிக்குவேன். மூணரை மணி வரைக்கும் ஒரு ஆள் என்னை எழுப்பினது கிடையாது. வெளியே ஜனங்க வரிசையில அமைதியா நிப்பாங்க. அப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் உருவாக்கி வச்சிருந்தேன். உங்க தலைமுறைக்கு அந்த அர்ப்பணிப்பு எங்க இருக்கு?”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். தட்சிணாமூர்த்தி எழுந்து, மேலிடத்து விதி நாற்பத்திரண்டு நாள் என்றே சொல்வதாகவும் அதைக் குறைக்க நமக்கு அதிகாரம் இல்லையென்றும் பணிவோடு நினைவூட்டினார். தலைவரின் முகம் சுருங்கியது. கடைசியில் ஒரு வழி கண்டார்கள். ஓய்வு உண்டு, ஆனால் மேற்பார்வையில்தான். ஆட்டக்காரர்கள் வீட்டில் படுத்தால் அவர்கள் நிஜமாகவே ஓய்வெடுக்கிறார்களா, சும்மா படுத்திருக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்? மே முதல் தேதி திண்டிவனத்தில் ஓய்வு முகாம் தொடங்கும் என்று தீர்மானம் நிறைவேறியது.

மே ஒன்றுதானே, நாலு நாள் கையிருப்பு என்று வெனிலா மூச்சு விட்டாள்.

உழைப்பாளர் தினத்தன்று முகாமின் தொடக்க விழா அணிவகுப்போடு நடந்தது. வெயிலில் மைதானத்தைச் சுற்றி நாலு முறை கால் தூக்கி நடந்தபின், முப்பத்தொரு ஆட்டக்காரர்கள் தரையில் வரிசையாகப் படுத்தார்கள். பிரபுவுக்குப் பக்கத்தில் படுத்தவன் இளவழகன். மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பையன், கோல்கீப்பர். வலது முட்டி வீங்கியிருந்தது.

“ண்ணா, சொல்றபடி கேட்டுக்கினு போயிடலாம். கவுர்மெண்டு மாதிரி இவங்களும். எதுத்தா பேஜாரு” என்றான் அவன்.

விசில் அடித்தது. “இடப்பக்கம் திரும்பிப் படு!” முப்பத்தொரு பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள். “தளர்!” தளர்ந்தார்கள். அரை மணிக்கு ஒரு தரம் எல்லோரும் எழுந்து நின்று எண் சொல்ல வேண்டும். படுத்திருந்தால் தலையை எண்ண வசதிப்படவில்லை என்று சின்னதுரை சொன்னார். காலை ஐந்தரையிலிருந்து மாலை நாலு வரை இருபத்தொரு முறை எழுந்து இருபத்தொரு முறை படுத்தால் அன்றைய ஓய்வு முடியும். அதோடு விடவில்லை. வருகைப்பதிவுக்கான கைரேகை இயந்திரம் விழுப்புரத்து அலுவலகச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. திண்டிவனத்தில் எடுத்த ஓய்வை விழுப்புரத்தில் ஐந்தரைக்குள் போய்க் கைவைத்துப் பதிய வேண்டும். நாற்பது கிலோமீட்டர், அப்புறம் மூன்று மாடி.

பிரபு மூன்று நாள் தாக்குப்பிடித்தான். நாலாம் நாள், மே நான்கு, அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று, முகாம் விட நாலு இருபது ஆகிவிட்டது. அவன் பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது விழுப்புரம் பஸ் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போனால் ஐந்தரையைப் பிடிக்க முடியாது. அவன் யோசிக்கவில்லை, கால் யோசித்தது. பன்னிரண்டே பன்னிரண்டு எட்டு. கம்பியைப் பிடித்துத் தொற்றினான். எலும்புக்குள் சுரீரென்றது. கண்டக்டர், “ஏன்யா, உயிரு மேல ஆசை இல்லியா?” என்று கத்தியது தூரத்தில் கேட்டது.

அதே பஸ்ஸின் ஜன்னலோரம் சின்னதுரை உட்கார்ந்திருந்தார். செல்போனைத் திருப்பிக் காட்டினார். படம் அருமையாக விழுந்திருந்தது.

“ரெண்டு காலும் தரையில இல்ல பாருங்க. விதிப்படி இது நடை இல்ல, ஓட்டம். ஓய்வு முறிவு.”

“உங்க மிஷினுக்குக் கை வெக்கத்தான் சார் ஓடுனேன்.”

“காரணம் எழுத இதுல கட்டம் இல்ல” என்றார் சின்னதுரை, வருத்தமாகவே.

அன்று மாலை ஆணை கைக்கு வந்தது. நாலு நாள் ஓய்வு ரத்து. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தலைவர் முன்னிலையில் பன்னிரண்டு ரவுண்டு மறுதகுதி ஓட்டம். ஓடி முடித்தால் ஓய்வு முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும்.

வீட்டில் வெனிலா அவன் காலைத் தொட்டுப் பார்த்தாள். கீறல் இருந்த இடம் சுட்டது. லேசாகப் புடைத்திருந்தது. அவள் காலண்டரைப் பார்த்தாள். பிரபுவுக்குப் பயமாக இருந்தது. ஆட வந்த பத்து வருடத்தில் எதிராளியின் பூட்ஸுக்கு அவன் பயந்ததில்லை. ஒரு விசிலுக்கு இப்படிப் பயப்படுவோம் என்று நினைத்ததும் இல்லை.

மே ஐந்து. மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். தேவநாதன் இளநீரோடு உட்கார்ந்திருந்தார். மற்ற ஆட்டக்காரர்கள் ஓரமாகப் படுத்த நிலையில் வேடிக்கை பார்த்தார்கள். பிரபு சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்றான். பன்னிரண்டு சுற்று. போன தடவை இரண்டிலேயே ஊசி இறங்கியது. ஆறில் உடையும். அவனுக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்டது. முன்பு ஒரு முறை இன்னொருவன் கால் உடைந்தபோது அவன் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

விசில் அடித்தது. பிரபு நகரவில்லை.

இரண்டாவது விசில். படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். சின்னதுரை கிட்டே வந்து காதருகில் ஊதினார். பிரபு மெல்ல இடது காலை நீட்டி, வலது காலை மடக்கி, கோட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

“எழுந்திரு!” என்றார் தேவநாதன்.

“முடியலைங்க ஐயா. நான் ஓட மாட்டேன்.”

வாரியத்தின் வரலாற்றில் ஒருவன் அனுமதியில்லாமல் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. இளநீர் கவிழ்ந்தது. ஷாமியானாவுக்குள்ளேயே ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடி, மூன்று நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னது. இவ்வளவு வேகமாக அந்த வாரியம் இதற்கு முன் எதையும் செய்ததில்லை.

தேவநாதன் ஒவ்வொரு சொல்லாக அறைந்தார். “நாற்பத்திரண்டு நாள் தடை! எந்த மைதானத்துலயும் கால் வைக்கக் கூடாது. பயிற்சி கூடாது. பந்தைத் தொடக் கூடாது. முகாமுக்கு வரக் கூடாது. அலுவலகப் படியேறக் கூடாது. வீட்டுல கிட! அப்பதான் உனக்குப் புத்தி வரும்!”

பிரபு அண்ணாந்து பார்த்தான். “நாளையிலேர்ந்தா ஐயா, இன்னையிலேர்ந்தா?”

“இந்த நிமிஷத்துலேர்ந்து!”

“ரொம்ப நன்றிங்க ஐயா” என்றான். இது திமிர் என்று குறிப்பேட்டில் பதிவானது. தட்சிணாமூர்த்தி மட்டும் பக்கத்தைப் புரட்டி, தடையை முழுதாக முடித்தவருக்கு ஓய்வுச் சான்று தேவையில்லை, ஏனெனில் அவர் களைத்திருக்க வாய்ப்பில்லை என்ற விதியைப் படித்துக்காட்டினார். வெனிலா ஆட்டோ பிடித்து வந்து புருஷனை ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் சிரித்தாள், நடுவில் அழவும் செய்தாள்.

பதினெட்டு நாள் பிரபு நிஜமாகவே படுத்திருந்தான். வெனிலா வேலைக்குப் போகும் முன் வேகவைத்த வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, தட்டில் கொட்டிக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொழுது போகாமல் அந்த விதிப்புத்தகத்தைப் படிப்பாள். நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் படித்த முதல் ஜீவன் அவள்தான். எழுதியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் எழுதியிருந்தார்கள். காலில் சூடு தணிந்தது, புடைப்பு வடிந்தது.

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை காலை, வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. தேவநாதன், தட்சிணாமூர்த்தி, சின்னதுரை, ஒரு போட்டோகிராபர். ஆளுயர மாலை ஒன்றும் வந்திருந்தது.

“தம்பி!” என்றார் தேவநாதன் கைகளை விரித்து. “நாளைக்கு எனக்குப் பிறந்தநாள். பெரியவங்க பிறந்தநாள்னா நாலு பேரை மன்னிச்சு விடறது நம்ம நாட்டு வழக்கம். எங்க வாரியத்துல தண்டனை வாங்கினது நீ ஒருத்தன்தான். அதனால உன்னை மன்னிச்சிட்டேன்!”

பிரபு அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டான். “ஐயா, வேணாங்க ஐயா. நான் செஞ்சது பெரிய தப்பு. முழுசா அனுபவிக்கிறேன்.”

“உன் மனசு திருந்தினதே போதும். தடை இன்னையோட நீங்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, என் பிறந்தநாள் நன்றி ஆட்டம். நீ தொண்ணூறு நிமிஷமும் ஆடறே. ஜல்தி கையெழுத்துப் போடு, வெயில் ஏறுது.”

“போடலைன்னா இன்னா ஆவும் சார்?” என்று பிரபு தட்சிணாமூர்த்தியைக் கேட்டான்.

“மன்னிப்பை மறுத்தா அது தலைவரை அவமதிச்ச மாதிரி. ரெண்டு வருஷம் தடை” என்றார் அவர், பக்க எண்ணோடு.

நாளைக்கு ஆடினால் எலும்பு போய்விடும். மறுத்தால் இரண்டு வருடம் போய்விடும். இன்னும் இருபத்து மூன்றே நாள். கட்டிலிலிருந்து எழாமலேயே அவனுக்கு மூச்சு இரைத்தது. போட்டோகிராபர், “சார் கொஞ்சம் சிரிங்க” என்றார்.

வெனிலா கையில் டிபன் பையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“சார், மன்னிப்புன்றது ஆணைதானே?”

“ஆமாம்மா. ஆணை எண்கூடப் போட்டிருக்கு” என்றார் தட்சிணாமூர்த்தி.

“அறுபத்தொண்ணாவது விதி, வாரியத்தோட எந்த ஆணையா இருந்தாலும் பாதிக்கப்பட்டவங்க மேல்முறையீடு பண்ணலாம்னு சொல்லுது. முடிவு வர்ற வரைக்கும் அதுக்கு முன்னாடி இருந்த நெலைமையே நீடிக்கும்னும் இருக்கு. இந்த மன்னிப்பால எங்க வீட்டுக்காரர் பாதிக்கப்பட்டிருக்கார். நாங்க அப்பீல் பண்றோம்.”

“மன்னிப்பை எதுத்தா?” தேவநாதனுக்குக் குரல் கீச்சிட்டது. “எவனாவது மன்னிப்பை எதுத்து அப்பீல் பண்ணுவானா? யோவ், தட்சிணாமூர்த்தி!”

தட்சிணாமூர்த்தியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. வாரியம் தொடங்கியதிலிருந்து மேல்முறையீட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மேசை, மூன்று ஆள், ஒரு பீரோ. இதுவரை ஒரு மனுகூட வந்ததில்லை. அவர் பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, வாயால் ஊதித் தூசியைத் தட்டி, வெனிலா எழுதிக் கொடுத்த தாளில் ஆசையோடு குத்தினார். மனு எண் ஒன்று.

“மன்னிச்சுக்கங்க தலைவரே, விதி. விசாரணை திங்கக்கிழமைகள்ல. முதல் விசாரணை ஜூன் ஒண்ணு” என்றார்.

ஆளுயர மாலை காரிலேயே திரும்பிப் போனது.

நன்றி ஆட்டம் நின்றுவிடவில்லை. பிரபுவுக்குப் பதிலாக ஓய்வு முகாமின் மிகச் சிறந்த ஓய்வாளன் என்று இளவழகனை இறக்கினார்கள். கோல்கீப்பர் ஏற்கெனவே இருந்ததால் அவனைத் தடுப்பாட்டத்தில் ஓடவிட்டார்கள். எழுபதாவது நிமிடத்தில் அவன் வலது முட்டி திரும்பிக்கொண்டது. ஆபரேஷன், கட்டு, எட்டு மாதம். வாரியம் தன் செய்தி அறிக்கையில், எட்டு மாத ஓய்வை ஒரே தவணையில் பெற்ற முதல் வீரர் என்று அவன் படத்தைப் போட்டது. பிரபு போனில் பேசினான். “சொல்றபடிதாண்ணா கேட்டேன்” என்றான் இளவழகன். அன்று பிரபு மல்லாட்டையைத் தொடவில்லை. அந்த ஆட்டத்தில் இருந்திருக்க வேண்டியது தன் கால் என்ற நினைப்பு அவனை விடவே இல்லை.

வெனிலா ஆறு வருடமாக ஜனங்களுக்கு ஒரே பாடம்தான் சொல்லிவந்தாள். ஒரு இணைப்பு குறைந்தாலும் மனு ஒரு வாரம் பின்னால் போகும். இப்போது அந்தக் கல்வியைத் தலைகீழாகப் பயன்படுத்தினாள். ஜூன் ஒன்றாம் தேதி விசாரணைக்குப் போகும்போது ஆதார் நகலில் பின்பக்கத்தை வைக்கவில்லை. மூன்று அலுவலர்களும் அதைக் கண்டுபிடித்துப் பூரித்துப்போய் ஒத்திவைத்தார்கள். எட்டாம் தேதி, மனுவில் தேதி மட்டும் இருந்தது, இடம் இல்லை. தேநீர் வரவழைத்து அரை மணி விவாதித்து ஒத்திவைத்தார்கள்.

பதின்மூன்றாம் தேதி அந்தோணியார் திருவிழா. ஊரில் சப்பரம் தூக்க ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். “உன் பேரு கொண்ட சாமிடா, நீயே தோள் குடுக்கலன்னா எப்படி?” என்று கேட்டார்கள். பிரபு படுத்தபடியே கும்பிட்டான். சின்னதுரை செல்போனோடு கோயில் வாசலில் நிற்கிறார் என்ற செய்தியும் வந்தது.

ஜூன் பதினைந்து, திங்கள். அதுவரை இழுத்த கயிற்றை இப்போது பட்டென்று அறுக்க வேண்டும். அன்றோடு நாற்பத்திரண்டு நாளும் முடிகிறது, ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை பழைய நிலைமையான தடையும் நீடிக்கும். அன்றைக்குள் அது முடிந்தால்தான் மறுநாள் சென்னையில் அவன் தடையில்லாத ஆட்டக்காரன். வெனிலா இந்தத் தடவை எல்லா இணைப்பும் வைத்திருந்தாள். மேல்முறையீட்டுப் பிரிவு முழுக் கோப்பையும் இரண்டு மணி நேரம் புரட்டியது.

“இவ்வளவு முக்கியமான வழக்கை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது” என்றார் தட்சிணாமூர்த்தி. “மன்னிப்போட தன்மை என்னன்னு ஆராய ஒரு துணைக்குழு போடலாம்னு இருக்கோம். ஆறு வாரம்.”

வெனிலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால். பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

“சார், மேல்முறையீட்டை வாபஸ் வாங்கறோம்.”

மூன்று அலுவலர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஏம்மா, நல்லாத்தானே போய்க்கினு இருந்தது?” என்றார் ஒருவர் தழுதழுத்து.

“வாபஸ் கடிதத்துக்கு இணைப்பு எதுவும் தேவையில்லை, பெற்ற நேரத்திலிருந்து நடைமுறைக்கு வரும். பக்கம் நூத்திப் பதினேழு சார்.”

தட்சிணாமூர்த்தி பக்கம் நூற்றுப் பதினேழைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தன் வாழ்நாளின் ஒரே மனுவின்மேல் ‘முடிவுற்றது’ என்று முத்திரை குத்தும்போது மணி ஐந்து இருபத்தெட்டு.

மறுநாள் சென்னையில் கிளப் டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் பெரிதாக்கி மேலும் கீழும் நகர்த்தினார். பிரபு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். “ரொம்ப நல்லா கூடியிருக்கு. யாரு உங்களை இவ்வளவு ஒழுங்கா ரெஸ்ட் எடுக்க வச்சது?” என்று டாக்டர் கேட்டார். பிரபு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெனிலாவைப் பார்த்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கும்தான்.

மேலாளர் அறை குளுகுளுவென்று இருந்தது. ஒப்பந்தத்தை நீட்டி, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

“வாழ்த்துகள் பிரபு. சின்ன விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். இந்த வருஷம் புதுசா ரெண்டு கோப்பை சேர்த்திருக்காங்க, மொத்தம் ஐம்பத்தாறு ஆட்டம். அதனால அடுத்த சீசனுக்கு முன்னாடி பதினெட்டு நாள்தான் லீவு. அதுலயும் பத்து நாள் விளம்பரதாரர் சுற்றுப்பயணம் இருக்கும். அது வேலை இல்ல, ஜாலிதான். மிச்சம் எட்டு நாள் உங்க உடம்பு எப்படி ஓய்வெடுக்குதுன்னு எங்க நிபுணர் குழு வந்து பார்த்துக்கும்.”

பிரபுவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. இரண்டு வருடம் அந்தத் தாளில் இருந்தது. அவன் கால் மேசைக்குக் கீழே தானாகவே பின்னுக்கு நகர்ந்தது.

வெனிலா கையை நீட்டி ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. சம்பளத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, விரலை வைத்து வரி வரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

“சார், இங்க அப்பீலுக்கு எத்தினி இணைப்பு வெக்கணும்?” என்று கேட்டாள்.